குழி இலக்கம் பதினான்கு

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்.
கிளிநொச்சி மண்டபத்தில் பொன்னாடைகள் தீர்ந்த பிறகு
ஒலிவாங்கி என் உயரத்துக்கு இறங்க மறுத்தது.
நான் பேசியது ஒன்றரை நிமிடம்.
மிச்சம் இது.

அம்பகாமம் காட்டோரம், சிவப்புத் தடிகளுக்கு அந்தப் பக்கம்
குடையோடு ஒரு பொம்பிளை நின்றா.
"தோண்டுற மண்ணை எங்க கொட்டுறியள்?"
எட்டு வருடத் தொழிலில்
எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.
எத்தனை வெடி எடுத்தாய், பயமில்லையா,
சம்பளம் எவ்வளவு, இவைதான் கேட்பார்கள்.
அவ மண்ணைக் கேட்டா.
பெயர் தவரூபி. பேராசிரியை என்பதைப்
பிறகு சாரதி சொல்லித்தான் அறிந்தேன்.

நான் முழங்காலில் நின்று
பத்துச் சென்ரிமீற்றர் சுரண்டுகிறவள்.
அவவுக்கு இரண்டு போதும்.
நான் தேடுவது இரும்பு, அவ தேடுவது முட்டை:
உப்புத்தூளிலும் சிறிசு,
வருடக்கணக்கில் காய்ந்தும் சாகாதது.
எறிகணை விழுந்த குழியில் மாரி நிரம்பினால்
மூன்று கிழமைக்கு ஓர் இறால் வரும்.
கண்ணாடி உடம்பு. மல்லாந்துதான் நீந்தும்.
ஒலுமடுப் பெடியள் அதற்கு வைத்த பெயர்
சோம்பேறி.

விசுவமடுவில் உயர்தரம் படித்தவ.
மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம்போத்தல் விளக்கு.
வெங்காயத்தோல் கலத்தைக் காணாமலே
சோதனைக்கு வரைந்து புள்ளி எடுத்தவ.
யாழ்ப்பாணத்தில் நுணுக்குக்காட்டியில்
முதன்முதல் கண்வைத்த அன்று
தான் வரைந்ததெல்லாம் பிழையென்று கண்டு
வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்க்கச்
சிரித்தாவாம்.

பிறகு இருபது வருடம். அதில் ஒன்றைப் பற்றி
அவ கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.
எனக்கும் அதே ஆண்டு இருக்கிறது.
இடம்பெயரும் வழியில் பொலித்தீன் சுற்றிப் புதைத்த
குறிப்புக் கொப்பிகளை மட்டும் ஒருநாள் விசாரித்தேன்.
"கறையான் படிச்சு முடிச்சிருக்கும்" என்றா.

வெளிநாட்டுச் சஞ்சிகை எழுதியதாம்:
எறிகணைக் குழி என்பதை எடுத்துவிட்டுப்
பருவகாலக் குட்டை என்று போடலாமே.
அவவின் பதில் ஒரு வரி:
இதை மழை தோண்டவில்லை.
அப்படியே அச்சானது, குழி இலக்கம் பதினான்கு என்று.
இறாலின் இலத்தீன் பெயரில்
அம்பகாமத்துக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது.
அதற்குத்தான் லிஸ்பனில் பரிசு.

மேடையில் நான் சொல்லாதது,
பதினான்கு இப்போது இல்லை.
காணி துப்புரவு என்று நாங்கள் கையெழுத்து வைத்த கிழமையே
சொந்தக்காரர் அரியகுட்டி வந்தார்.
அவருடைய மாடு விழுந்து கால் முறிந்த குழி அது.
மூடி, உழுந்து போடப்போகிறேன் என்றார்.
மறிப்பா என்று அவவின் முகத்தைப் பார்த்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
இன்னொரு மண்வெட்டி இருக்கோ என்று கேட்டா.

மூடுமுன் எடுத்தது ஒரு பிஸ்கற் ரின் மண்.
அது என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது,
கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில்.

ஐப்பசியின் முதல் மழை அன்று
விமான நிலையத்திலிருந்து எடுத்தா.
"கால்வாசி மண்ணைப் பேசினில போடும்.
மழைத்தண்ணி மட்டும். கிணத்துத்தண்ணி ஆகாது, சுண்ணாம்பு."
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள்
நுளம்புக் குடம்பிகள்; அள்ளி எறிந்தேன்.
பத்தாம் நாள் ரோச் அடித்துப் பார்த்தால்
இரண்டு.
"ரெண்டே ரெண்டுதான்" என்றேன், குற்றம் செய்தவள் போல.
"ஒரு மழையை நம்பி எல்லாம் எழும்பாது, பிள்ளை.
மிச்சத்தைக் காயவிடும்."
அங்கே யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வந்த வாழ்த்து மடலில்
மீளெழுச்சி, நம்பிக்கை என்று அச்சடித்திருந்தார்கள்.
மேடையிலேயே பேனா வாங்கி இரண்டையும் வெட்டி
மேலே இறால் என்று எழுதினா.
முன்வரிசை சிரித்தது. அவ சிரிக்கவில்லை.

கோழி கொத்தாமலிருக்க
பேசின் வாயில் நுளம்புவலைத் துண்டு கட்டினேன் அன்று.
உள்ளே இரண்டும் மல்லாந்து,
ஒரு வேலையும் இல்லாதவை போல.